பக்குவமாக எடுத்து வைத்த ஈசல்

கரையானுக்கும் எறும்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கரையான் கரப்பான்பூச்சியின் வம்சம். வெள்ளையாக இருக்கிறது, வரிசையாகப் போகிறது, ஆகவே அது வெள்ளை எறும்பு என்று எந்தக் காலத்திலோ யாரோ சொல்லிவைத்ததை ஊரே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனை மளிகைக்கடைக்காரர் ஒரு நாள், "பாப்பா டெய்லி சிதம்பரத்துக்குப் போயி இன்னா படிக்குது?" என்று கேட்டார். நானும் விடாமல் விளக்கினேன். பருப்பு நிறுத்தபடியே தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில், "அப்போ எறும்பு சாக்பீஸ் போட்டா அதுவும் செத்துடும்ல?" என்றார். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

முனைவர் பட்டத்துக்காக நான் செய்த வேலை அதுதான். பூச்சிக் கூட்டங்களில் எது எதிலிருந்து பிரிந்தது, எதற்கு எது நெருக்கம் என்று பார்த்து ஒரு மரம் வரைவது. அடிமரம் பொது மூதாதை. அதிலிருந்து கிளைகள் பிரிந்துகொண்டே போகும். நுனிகளில் இன்றைக்கு உயிரோடு இருக்கிற பூச்சிகள். என் பங்குக்கு வந்தது கரையான்.

வீட்டில் இது புரிந்தது அப்பா ஒருவருக்குத்தான், அதுவும் அவர் வழியில். எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால் ஜாதகத்துக்கு முன்னால் குலதெய்வம் எது என்று கேட்பார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே குலதெய்வம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. பங்காளி. பெண் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. எந்தத் தலைமுறையில் பிரிந்தார்கள் என்று யாருக்கும் தெரியாவிட்டாலும் சாமி ஒன்றாக இருப்பதே அத்தாட்சி.

"அப்ப கரையானும் கரப்பானும் ஒரே சாமி கும்புடற பங்காளிங்க," என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"எறும்பு?"

"அது குளவிக்குப் பங்காளி."

"அப்ப இதுங்களுக்கெல்லாம் மாமன் மச்சான் யாரு?"

"மாமன் மச்சானே கெடையாதுப்பா. எல்லாமே பங்காளிதான். எப்ப பாகம் பிரிச்சாங்கன்றதுதான் கேள்வி."

மாமன் மச்சான் இல்லாத உலகத்தை அப்பாவால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "அது இன்னா சொந்தமோ," என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, லால்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஏரியை ஒட்டின ஒரு ஊரில் கொடுத்திருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கொல்லையில் வேலியோரமாக ஒரு புற்று. முழங்கால் உயரம்தான் இருக்கும், மண் நல்ல கறுப்பு. பொங்கலுக்குப் போயிருந்தபோது ஓரத்தில் குச்சியால் கிளறி ஒரு பிடி கரையானை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்தேன். பெரிய யோசனை எல்லாம் இல்லை. எனக்குக் கை சும்மா இருக்காது.

அந்த ஒரு பிடிதான் என்னைப் படுத்தி எடுத்தது.

என் கைடை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். அவர் நுண்ணோக்கியில் சிப்பாய்க் கரையானின் தலையைப் பார்த்தார். புற்றைக் காவல் காக்கிற கரையானுக்குத் தலை பெரிதாக இருக்கும், தாடை கத்தரிக்கோல் போல நீட்டிக்கொண்டிருக்கும். இனம் பிரிப்பதற்கு முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். சார் அதைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

"சாதாரண வயக்காட்டுக் கரையான்தாம்மா இது. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே," என்றார்.

எனக்குத் தெரியவில்லை. டிஎன்ஏ எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு மரபணுவை மட்டும் ஒழுங்காகப் படிக்க முடிந்தது, அது சொன்ன கதை வேறு. வயல் கரையான்கள் எல்லாம் ஒன்றாகக் கூடுகிற கிளையில் இது சேரவில்லை. அதற்கு வெகு கீழே, அடிமரத்துப் பக்கம், தனியாகப் பிரிந்து நின்றது. யாருக்கும் தெரியாமல் எந்தக் காலத்திலோ பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்ட பங்காளி. அன்றைக்குச் சிதம்பரத்திலிருந்து திரும்பும் ரயிலில் எனக்கு உட்காரவே முடியவில்லை. இடம் இருந்தும் கதவோரமாக நின்றுகொண்டே வந்தேன். எத்தனை வருஷம் அடுத்தவர்கள் வரைந்த மரத்தையே திரும்ப வரைந்திருப்பேன். இதோ, எனக்கென்று ஒரு கிளை.

ஆனால் ஒரு மரபணு என்பது ஒரு சாட்சி மாதிரி. ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு யாரும் தீர்ப்பு எழுத மாட்டார்கள். இரண்டாவது மரபணுவுக்காக மீதி இருந்த கரையானை எல்லாம் அரைத்துப் பார்த்தேன். மரபணு படிக்கிற மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்றது. பாட்டில் காலியானதுதான் மிச்சம்.

போனால் போகிறது, இன்னொரு பிடி எடுத்துவந்தால் ஆயிற்று என்று கிளம்பினேன். சிதம்பரத்தில் பஸ் ஏறி, லால்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு அத்தை வீட்டுக் கொல்லைக்குப் போய்ப் பார்த்தால், புற்றுக்கு மஞ்சள் துணி கட்டியிருக்கிறது. உச்சியில் குங்குமம். சுற்றிலும் கோலம். பால் ஊற்றின ஈரம்கூடக் காயவில்லை. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகும் என்பார்கள். எனக்கு வாய்த்த புற்றில் சாமியே குடிபுகுந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், மாமா குடித்துக்கொண்டிருந்தவர். அத்தையின் புருஷன். ஏதோ நல்ல நாளுக்குக் கெட்ட நாளுக்கு என்று குடிக்கிறவர் இல்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார். பொங்கலுக்கு அப்புறம் உடம்பு மோசமாகி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். வந்ததும் அத்தை அவரை அந்தப் புற்றுக்கு முன்னால் உட்காரவைத்து, கையில் மஞ்சள் கயிறு கட்டி, சத்தியம் வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து அவர் தொடவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் அதில் பங்கு இருக்கும் என்று நான் வாயெடுத்தேன். அத்தை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"அத்த, பின்னால ஒரு ஓரமா, ஒரே ஒரு கரண்டி மண்ணு எடுத்துக்கிறேன்," என்றேன்.

"கண்ணு, நீ இன்னா வேணா கேளு, குடுக்கறேன். புத்துல மட்டும் கைய வெக்காத. அவுரு இப்பதான் மனுசனா இருக்காரு."

அதற்கு மேல் கேட்க எனக்கு ஏது வாய்? ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று அந்தப் புற்றில் நான் கை வைத்து, நாளைக்கே மாமா ஏதாவது காரணத்தில் மறுபடி கடைக்குப் போய்விட்டால், ஜென்மத்துக்கும் அந்த வீட்டுப் படி ஏற முடியாது. அத்தை திட்டமாட்டாள். அதுதான் இன்னும் கஷ்டம்.

சிதம்பரத்துக்குத் திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். "புத்த ஏம்மா தோண்டணும்? எரை தேட வெளிய வர்றதப் புடிச்சுக்கவேண்டியதுதான?" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அதற்கும் போனேன், எத்தனையோ சனிக்கிழமை போனேன். வேலி மரத்தில், சாணி வரட்டியில், உளுத்த கட்டையில் கிடைத்ததெல்லாம் வயல் கரையான். என் புற்றுக்காரர்கள் வெளியே தலையே காட்டவில்லை.

மிச்சம் இருந்த ஒரே வழி ஈசல். மழை பெய்து மண் நனைந்ததும் புற்றிலிருந்து இறக்கை முளைத்த ராஜாக்களும் ராணிகளும் தாங்களாகவே கூட்டமாகப் பறந்து வரும். யாரும் தோண்ட வேண்டாம், சாமிக்கும் கோபம் வராது. வருஷத்தில் ஒரு சாயங்காலம், மிஞ்சிப்போனால் இரண்டு. எனக்குக் கொடுத்திருந்த அவகாசமோ அந்தத் தீபாவளியோடு முடிகிறது. அதற்குள் தீசிஸை ஒப்படைத்தாக வேண்டும். ஆகவே அந்த வருஷத்து ஈசல்தான் கணக்கு. அது என் கைக்கு வந்தால் என் கிளை நிற்கும். வராவிட்டால் சாரின் மூஞ்சி ஜோசியம் நிற்கும்.

வாய் அகன்ற பெரிய பாட்டில் ஒன்றில் ஸ்பிரிட் ஊற்றிக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தேன். "ஈசல் கெளம்பினா எனக்கு போன் பண்ணுங்க அத்த. நான் வர லேட்டாச்சுன்னா நீங்களே அள்ளி இதுல போட்டு மூடிடுங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். அத்தை பாட்டிலை வாங்கி மேல் பரணில் வைத்தாள். என் கண்ணால் பார்த்தேன்.

ஆவணியில் ஒரு நாள் மத்தியானத்திலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் கொட்டு கொட்டென்று கொட்டியது. தெருவில் முட்டி அளவு தண்ணீர். பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது. எங்கள் வாசல் தகரக் கூரைமேல் மழை விழும் சத்தத்துக்கு நடுவில் அத்தையின் குரல்.

"ஈசல் கெளம்பிடுச்சு கண்ணு."

"லைட்டுக்கு வந்ததா, புத்துலேர்ந்து வந்ததா?"

"புத்து வாயிலேர்ந்துதான் வருது. பழைய பொடவையப் போத்தி அப்படியே அள்ளிட்டேன். அண்டா நெறைய."

உடனே கிளம்பலாம் என்றால் அந்த மழையில் சிதம்பரம்வரை போய்ச் சேரலாம், அதற்கு மேல் லால்பேட்டைக்கு பஸ் நிச்சயமில்லை. அம்மா வேறு வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள். சரி, அத்தைதான் அள்ளிவிட்டாளே, பாட்டிலும் இருக்கிறதே என்று நினைத்தேன்.

"அத்த, அத பக்குவமா எடுத்து வைங்க. காலையில மொத பஸ்ஸுக்கு வந்துடறேன்."

"அது எனக்குத் தெரியாதா? நல்லா பக்குவமா எடுத்து வெக்கிறேன். நீ பதட்டப்படாம வா."

பக்குவம். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் நாள் முழுக்க நாங்கள் சொல்கிற வார்த்தை. ஸ்பிரிட்டில் போட்டு, இறுக்க மூடி, லேபிள் ஒட்டி, குளிரில் வைத்தால் அது பக்குவமாக எடுத்து வைத்தது. அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சோறு தின்கிறவள்தானே நானும்.

காலையில் போய்ச் சேர்ந்தேன். அத்தை முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தாள், காப்பி கொடுத்தாள், அப்புறம் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் சம்புடத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். திறப்பதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. பொட்டுக்கடலை, வறுத்த அரிசி, உப்பு, மிளகாய்த்தூள். நடுவில், பொன்னிறமாக, மொறுமொறுவென்று, என் கிளை.

"செவக்க வறுத்துட்டேன் கண்ணு. ஒரு மாசம் ஆனாலும் ஒண்ணும் ஆவாது. ஒங்கூடப் படிக்கிற புள்ளைங்களுக்கும் குடு."

"பாட்டில் எங்க அத்த?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அத்தை வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அத அன்னிக்கே சாக்கடையில ஊத்திட்டேன். தெறந்து மோந்து பாத்தா அப்படியே சாராய வாட. அதப் போயி வீட்ல வெச்சினு நான் எப்புடித் தூங்கறது? ஒங்க மாமா மோப்பம் புடிச்சிட்டாருன்னா?" என்றாள். "பாட்டிலு நல்லாருந்துச்சு. எலுமிச்ச ஊறுகா போட்டு வெச்சிருக்கேன்."

கத்தியிருப்பேன். என் சுபாவம் அப்படி. வீட்டில் ஒரு பேனா காணாமல் போனாலே கத்துகிறவள். ஆனால் வெளியே மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். சுத்தமாகச் சவரம் செய்த முகம், கையில் நிறம் போன மஞ்சள் கயிறு. யார்மேல் கத்துவது? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று உலகம் சொல்லும். எனக்கு வாய்க்கு எட்டிவிட்டது, கைக்குத்தான் எட்டவில்லை.

"எறக்கைய இன்னா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"தேச்சு, மொறத்துல பொடச்சுக் குப்பையில கொட்டிட்டேன். ஏன்?"

ஓடினேன். இறக்கையை யாரும் வறுக்கவில்லை அல்லவா. கொல்லைக் கோடியில் குப்பைமேடு, இரவெல்லாம் நனைந்து சேறாகியிருந்தது. இரண்டு கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றைத் துரத்திவிட்டுக் குந்தி உட்கார்ந்து, சாம்பலுக்கும் வெங்காயச் சருகுக்கும் நடுவிலிருந்து ஈசல் இறக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி பிளாஸ்டிக் கவரில் போட்டேன். அத்தை பின்னால் வந்து நின்றாள். "அதுல இன்னாடி இருக்குது?" என்றாள். நான் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

சிதம்பரத்தில் வறுத்ததையும் அரைத்துப் பார்த்தேன், அதில் படிக்க என்ன இருக்கும்? வாணலி எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தது. மீதி சம்புடம் மேஜைமேல் இருந்தது. சார் வந்தவர் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "காரம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா நல்லாத்தான் வறுத்திருக்காங்க," என்றார். இறக்கையிலிருந்து ஒரு மரபணு படிக்கக் கிடைத்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஒப்பிட்டுப் பார்த்தால் அது கரையானே இல்லை. குப்பைமேட்டில் வந்து உட்கார்ந்த ஈ. ஈசலைத் தேடினால் ஈ.

அந்த வருஷம் அந்தப் புற்றிலிருந்து மறுபடி ஈசல் கிளம்பவில்லை. தீபாவளிக்கு முன்னால் தீசிஸை ஒப்படைத்தேன். சார் சொன்ன இடத்தில், வயல் கரையான்களின் கிளையோடு சேர்த்து, புள்ளிக்கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கிளை சாருடையது. கேள்விக்குறி மட்டும் என்னுடையது. அதைக்கூட, "இது தேவையாம்மா?" என்று கேட்டார். இருக்கட்டும் சார் என்று கெஞ்சி வைத்துக்கொண்டேன். வாய்மொழித் தேர்வில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. முன்னுரை ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டார்கள். பட்டம் கொடுத்தார்கள்.

இப்போது கடலூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நான் கத்திக் கத்திச் சொன்ன பிறகும் பிள்ளைகள் பரீட்சையில் வெள்ளை எறும்பு என்றே எழுதிவைக்கிறார்கள். சார் ஓய்வு பெற்றுவிட்டார். சிதம்பரத்தில் என் மேஜை வேறு யாருக்கோ போய்விட்டது, அலமாரிச் சாவியை ஒப்படைத்தாகிவிட்டது. மெஷின் வைத்திருக்கிற இரண்டு மூன்று இடங்களில் கேட்டுப் பார்த்தேன். பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

தீசிஸ் கொடுத்ததற்கு அடுத்த ஆவணியில் மழை பெய்தபோது, சத்தியமாக எனக்கு ஈசல் ஞாபகமே வரவில்லை. துணி நனைகிறதே என்று மாடிக்கு ஓடினேன். அந்த வாரம் சனிக்கிழமை அத்தை வந்து நின்றாள். லால்பேட்டையிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூர், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடை. அவ்வளவு தூரமும் ஒயர்கூடையை மடியிலிருந்து இறக்காமல் வந்திருக்கிறாள். உள்ளே பழைய புடவைத் துண்டில் சுற்றி, என்னுடைய அதே பாட்டில். ஊறுகாய் போய்விட்டிருந்தது. நிறைய ஸ்பிரிட். அதில் ஈசல், இறக்கையோடு, ஒன்றுகூட நசுங்காமல்.

"புத்து வாயிலேர்ந்து நேரா அள்ளிப் போட்டது. ஒண்ணுகூட வறுக்கல," என்றாள். "அன்னிக்கு நீ குப்பமேட்ல ஒக்காந்து பொறுக்கினத பாத்ததுலேர்ந்து எனக்கு மனசே ஆறல கண்ணு."

"ஸ்பிரிட்டு?"

"லால்பேட்ட மெடிக்கல்ல பாய்கிட்ட சொல்லி வாங்கினேன். வெக்கப்போருக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். ஒங்க மாமா கண்டுபுடிச்சிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம்?"

"எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. கையில எடுத்தாந்து, 'இது பாப்பாவுதா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். திரும்ப அங்கயே கொண்டுபோயி வெச்சிட்டாரு. ஈசல் கெளம்பின அன்னிக்கு அவுருதான் மூடியத் தெறந்து புடிச்சினு நின்னாரு, நான் அள்ளி அள்ளிப் போட்டேன். மூஞ்சிய அந்தாண்ட திருப்பிகினு நின்னாரு, அவ்ளோதான்."

பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அத்தைமேல் இல்லை. மாமாமேல் இல்லை. ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் முன்னால் இது என் கையில் இருந்திருந்தால். அதுதான் எல்லாம் முடிந்துவிட்டதே என்று சொல்ல அம்மா வாயெடுத்தாள்; நான் அவளைப் பார்த்தேன், அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"இது போதுமா? கண்டுபுடிச்சிடலாமா?" என்றாள் அத்தை.

"போதும் அத்த. நெறையவே இருக்குது."

அத்தைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாட்டிலைத் திரும்ப வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"நம்ம வயக்காட்டு ஈசல்தானடி இது," என்றாள். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. இதுக்கா இத்தினி அலைச்சல்?"

நான் பாட்டிலை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன்.